புள்ளிகள் பேசும் நிலப்படம் - கோட்டுச்சட்டத் தேர்வு பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

உருண்டையான புவியைத் தட்டையான தளத்தில் வரைந்து காட்டும் கலையே நிலவரைபடவியல் ஆகும். இன்று இக்கலை கணினியின் துணையோடு நடைபெறுகின்றது. விசையை அழுத்தியவுடன் படம் திரையில் விரிகின்றது. ஆயினும், எந்தக் கோட்டுச்சட்டத்தில் அது விரியவேண்டும், ஒரு புள்ளி எத்தனை மக்களைக் குறிக்கவேண்டும் என்பவற்றை ஆராய்ந்து தெளிவது வரைபவரின் பொறுப்பே. எகிப்து நாட்டின் மக்கள் பரவலைச் சான்றாகக் கொண்டு அப்பொறுப்பு யாதென இங்குக் காண்போம்.

கோட்டுச்சட்டமும் பயனும்

புவியின் அட்சக்கோடுகளையும் தீர்க்கக்கோடுகளையும் தளத்திற்கு மாற்றியமைக்கும் கணித முறையே கோட்டுச்சட்டம் எனப்படும். கோளத்தின் மேற்பரப்பைச் சிதைவின்றித் தளமாக்க இயலாது என்பது கௌஸ் என்னும் ஜெர்மானியக் கணித மேதை 1827இல் வெளியிட்ட தேற்றத்தால் பெறப்படும். ஆகவே பரப்பு, வடிவம், தொலைவு, திசை ஆகிய அனைத்தையும் ஒருசேரக் காக்கும் படம் இல்லை.

1569இல் மெர்க்கேட்டர் அமைத்த படம் கடலோடிகளுக்கு உதவியது. திசைகாட்டியின் ஒரே திசையில் செல்லும் பாதை அதில் நேர்கோடாக அமையும். ஆனால், கிரீன்லாந்தைப்போல் ஏறத்தாழ 14 மடங்கு பரப்புடைய ஆப்பிரிக்கா அப்படத்தில் கிரீன்லாந்துக்கு இணையாகவே தோன்றும். 1909இல் எகிப்தில் பணியாற்றிய ஜேம்ஸ் அயர்லாந்து கிரெய்க், எவ்விடத்திலிருந்தும் மக்காவின் திசையை அறிய உதவும் கோட்டுச்சட்டம் ஒன்றை வகுத்தார். கிப்லாவை அறிவதே அதன் நோக்கம். அதிலும் பரப்பும் வடிவமும் சிதைகின்றன. எனினும், இரண்டும் தத்தம் பயனுக்கு ஏற்றவையே.

புள்ளிமுறைக்கு ஏற்ற சட்டம்

1830இல் ஃபிரேர் தெ மோந்திசோன், 10,000 மக்களுக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் பிரான்சின் மக்கள்தொகைப் படத்தை வரைந்தார். இம்முறையில் நாம் புள்ளிகளை எண்ணுவதில்லை. அவற்றின் நெருக்கத்தையே கண்ணால் அளக்கின்றோம். எனவே, பரப்பு மாறினால் நெருக்கமும் பொய்யாகும்.

இணைய நிலப்படங்கள் பலவற்றில் மெர்க்கேட்டரின் மாற்று வடிவமே பயன்படுகின்றது. அதில் எகிப்தின் தென்னெல்லையான 22 பாகையில் பரப்பு சுமார் 1.16 மடங்காகவும், நைல் கழிமுகப் பகுதியான 31 பாகையில் சுமார் 1.36 மடங்காகவும் பெருகும். ஒரே அளவு நிலம் வடக்கே ஏறத்தாழ 17 விழுக்காடு மிகுதியாக விரிவதால், ஆங்குள்ள புள்ளிகள் உண்மையினும் கலைந்து தோன்றும். 60 பாகை அட்சத்திலோ பரப்பு 4 மடங்காகும்.

ஆதலின், புள்ளிப் படத்திற்குச் சமபரப்புக் கோட்டுச்சட்டமே உரியது. கிழக்கு மேற்காக நீண்ட நாடுகளுக்கு ஆல்பர்ஸ் 1805இல் வகுத்த கூம்புச் சட்டம் பொருந்தும். எகிப்தைப்போல் நீளமும் அகலமும் பெரிதும் வேறுபடாத நிலத்திற்கு லம்பெர்ட் 1772இல் வகுத்த சமபரப்பு உச்சிச் சட்டத்தை நாட்டின் நடுவில் மையப்படுத்திக் கொள்ளலாம்.

புள்ளியின் மதிப்பு

2017 கணக்கெடுப்பின்படி எகிப்தின் மக்கள்தொகை சுமார் 9.48 கோடி. ஒரு சென்டிமீட்டர் 50 கிலோமீட்டரைக் குறிக்கும் படத்தில், சுமார் 3,085 சதுர கிலோமீட்டர் பரப்புடைய கெய்ரோ மாநிலம் 1.23 சதுர சென்டிமீட்டர் இடமே பெறும். அங்கு வாழ்வோர் சுமார் 95 இலட்சம். 10,000 பேருக்கு ஒரு புள்ளி எனில் 950 புள்ளிகளுக்குமேல் வேண்டும். அரை மில்லிமீட்டர் விட்டமுடைய புள்ளிகள் அத்தனைக்கும் ஆங்கே இடமில்லை; மாநிலம் முழுதும் கருமையாகிவிடும். 50,000 பேருக்கு ஒன்று எனில் ஏறத்தாழ 190 புள்ளிகள் அமையும், நெருக்கமும் புலப்படும். மதிப்பை மேலும் உயர்த்தினால் மக்கள் குறைந்த பகுதிகள் படத்திலிருந்து மறையத் தொடங்கும்.

புள்ளியின் இடம்

கணினி, எல்லைக்குள் புள்ளிகளை மனம்போனபடித் தூவும் இயல்புடையது. எகிப்தின் புதிய பள்ளத்தாக்கு மாநிலம் சுமார் 4.4 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 2017இல் அங்கு வாழ்ந்தோர் சுமார் 2.4 இலட்சம் பேரே. அவர்களுக்குரிய 5 புள்ளிகளும் பாலையில் எங்கும் விழக்கூடும். உண்மையில் அம்மக்கள் கார்கா, தாக்லா, ஃபராஃப்ரா முதலிய பாலைவனச் சோலைகளிலேயே வாழ்கின்றனர். ஆகவே, மக்கள் வாழா நிலத்தை முதலில் விலக்கிவிட்டு, எஞ்சிய பகுதிக்குள் மட்டுமே புள்ளிகளை இடச்செய்தல் வேண்டும். சமபரப்புச் சட்டத்திற்கு மாற்றிய பின்னரே தூவுதலும் முறையாகும். பாகை அளவில் தூவிப் பின்னர் மாற்றினால் நெருக்கம் பிறழ நேரிடும்.

முடிவுரை

பயனறிந்து சட்டத்தைத் தேர்தல், அளவறிந்து மதிப்பிடுதல், இடமறிந்து புள்ளியிடுதல் ஆகிய மூன்றும் இக்கலையின் இன்றியமையாக் கூறுகள் எனலாம். பள்ளியும் மருத்துவமனையும் எங்கு அமையவேண்டும் எனத் திட்டமிடுவோர் இத்தகைய படங்களை நோக்குகின்றனர். புள்ளி இடம்மாறி விழுந்தால், ஆளில்லாப் பாலையில் ஊர் இருப்பதாகத் தோன்றும். சோலையில் வாழும் மக்களோ கணக்கிலிருந்து விடுபடுவர். ஒவ்வொரு புள்ளியின் பின்னும் ஆயிரக்கணக்கான உயிர்கள் உள்ளன என்பதை மனத்திற்கொண்டு, கணினி பயிலும் நம் மாணவர்கள் இக்கலையையும் முறையாகக் கற்றுத் தேர்வார்களாக.