பேறுகாலக் காயமும் கேட்கப்பட வேண்டிய கேள்வியும்



கேரள-தமிழக எல்லையிலுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைக் கிராமங்களில் பொதுச் சுகாதாரச் செவிலியாகப் பணியேற்கும் இளம்பெண், பேறுகாலக் காயம் என்பது தொலைதூரத்து வறிய நாடுகளின் துயரம் மட்டுமே என்னும் எண்ணத்தோடு வீடுகளுக்குள் நுழையலாகாது. அந்நாடுகளில் பெரிதும் காணப்படுவது ஃபிஸ்டுலா. அதாவது, பிரசவம் தடைப்பட்டு நாள்கணக்கில் நீளும்போது குழந்தையின் தலை சிறுநீர்ப்பையை இடுப்பெலும்போடு அழுத்தி, இரத்த ஓட்டம் நின்ற தசை அழிந்து துளை விழுவதால், சிறுநீர் பிறப்புவழியே இடைவிடாது கசியும் நிலை. 1974-இல் காத்தரின் ஹாம்லினும் அவர் கணவர் ரெஜினால்டும் அடிஸ் அபாபாவில் இதற்கெனவே ஒரு மருத்துவமனையை நிறுவினர். அதற்கு முன்பே அவர்களிடம் நோயாளியாக வந்திருந்த மாமிட்டு காஷே, பின்னர் அத்துளையைத் தைக்கும் அறுவைச் சிகிச்சையைத் தாமே செய்யும் அளவுக்குத் தேர்ந்தார். துளையைத் தைப்பவர் மருத்துவரே எனினும், அத்தையல் நிலைப்பது பெரும்பாலும் செவிலியின் கையில்தான் உள்ளது: சிறுநீரை வெளியேற்றப் பொருத்திய குழாய் மடங்கியோ அடைபட்டோ போனால் சிறுநீர்ப்பை நிறைந்து தையல் விட்டுப்போகுமாதலால், இரவும் பகலும் அக்குழாயைக் கண்காணிப்பதே சிகிச்சையின் உயிர்ப்பகுதி.

கேரளத்தில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில் நிகழ்வதால், பிரசவத்தால் வரும் ஃபிஸ்டுலா அரிதாகிவிட்டது. ஆனால் ஆசனவாய்த் தசைவரை கிழியும் மூன்றாம் நிலைக் கிழிவும், கருப்பை இறக்கமும், இருமினால் சிறுநீர் சிந்துவதும் அவ்வாறு மறைந்துவிடவில்லை. இவை மருத்துவமனைக்கு வராதிருப்பதற்குக் காரணம், பெற்றவளுக்கு இதெல்லாம் உள்ளதுதான் என்று தாயும் மாமியாரும் நம்புவதும், அப்பெண்ணும் அதையே நம்பிவிடுவதும் ஆகும். ஆகவே, சுகமா என்று பொதுவாகக் கேட்பது போதாது. இருமும்போது துணி நனைகிறதா, காற்றையும் மலத்தையும் அடக்க முடிகிறதா, தையல் போட்ட இடத்தில் வலி நீடிக்கிறதா என்று, பிறர் இல்லாத நேரத்தில், அவள் வீட்டில் பேசும் தமிழிலேயே, ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

இவ்வெல்லைக்கே உரிய ஓர் இடரும் உண்டு. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடும் கல்குளமும் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைய, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனால் பெண் கொடுத்தலும் எடுத்தலும் அந்த எல்லைக் கோட்டோடு நின்றுவிடவில்லை. தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் வழக்கத்தால், கோட்டுக்கு அப்பால் குழித்துறைப் பக்கம் பெற்றவள் சில மாதங்கள் கழித்துப் பாறசாலைக்குத் திரும்பும்போது, குழந்தையின் தடுப்பூசிக் கணக்கு உடன்வருகிறது, தாயின் கிழிவைப் பற்றிய செய்தி பெரும்பாலும் வருவதில்லை. விடுவிப்புக் குறிப்பை வாங்கிப் படிப்பதும், அதில் ஐயம் எழுந்தால் அப்பக்கத்துக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பேசித் தெளிவதும் இங்கு பணியேற்பவர் தாமாகவே மேற்கொள்ள வேண்டிய கடமைகள். எந்தப் பதிவேடும் அதற்கெனத் தனிப் பத்தி வைத்திருக்காது.

பேறுகாலக் குளிப்பாட்டுக்கு வரும் மூத்த பெண்களை இகழ்வது பெரும்பிழை, ஏனெனில் தாயின் உடலை ஆடையின்றி முதலில் காண்பவர் அவர்களே. 1916-இல் திருவனந்தபுரம் தைக்காடு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையின் பொறுப்பை ஏற்ற மருத்துவர் மேரி புன்னன் லூக்கோஸ், உள்ளூர் மருத்துவச்சிகளைப் பகைத்துக்கொள்ளாமல், அவர்களுடைய பிள்ளைகளுக்கே பேறுகாலப் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்தார். அந்த அறிவு இன்றும் பொருந்தும். தையல் பிரிந்திருந்தாலோ சீழ் தென்பட்டாலோ கொதிநீர் ஒற்றடத்தை நிறுத்திவிட்டு உடனே சொல்லி அனுப்புமாறு அவர்களுக்குக் கற்பித்தால், மாதத்திற்கொரு முறை வரும் செவிலியைவிட முன்னதாகவே காயம் கண்டறியப்படும்.

கிழிவு உறுதியானால் வெறும் பரிந்துரைச் சீட்டோடு பெண்ணை அனுப்பிவிடுவதும் சரியன்று. எந்தக் கிழமை, எந்தப் பிரிவில் யாரைப் பார்ப்பது, மருத்துவரிடம் எதை முதலில் சொல்வது என்பதையெல்லாம் விளக்கி, முதல் முறையேனும் ஓர் ஆஷா பணியாளரை உடன் அனுப்ப வேண்டும். கைக்குழந்தையை அந்நேரம் யார் பார்த்துக்கொள்வார் என்பதையும் அவ்வீட்டாரிடம் பேசி முடித்த பின்னரே அங்கிருந்து எழ வேண்டும்.