பத்தியமா? பட்டினியா?

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது பழமொழி. தாய் என்னும் சுவர் உறுதியாக இருந்தால்தான் குழந்தை என்னும் சித்திரம் நன்கு அமையும். இதனை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஆகவேதான் கர்ப்பிணிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் இன்னது ஆகும், இன்னது ஆகாது என்று வகுத்து வைத்தனர். அவற்றுள் கொள்ளத்தக்கவை எவை, தள்ளத்தக்கவை எவை? எங்கள் வகுப்பு மாணவியர் தத்தம் வீட்டில் அம்மா, பாட்டி, ஆச்சி, அப்பத்தா ஆகியோரிடம் கேட்டறிந்தவற்றை அறிவியல் கூறுவனவற்றுடன் ஒப்பிட்டு இங்கே தருகிறோம்.

சூடும் குளிர்ச்சியும்

நம் வீடுகளில் உணவுப் பொருள்களைச் சூடு, குளிர்ச்சி எனப் பிரிப்பர். கர்ப்பிணியின் உடலே சூடு. அதன்மேல் சூடான பொருளை உண்டால் கரு கலைந்துவிடும் என்று கூறுவர். பப்பாளி, அன்னாசி, எள் ஆகியவை இவ்வாறு விலக்கப்படுகின்றன. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் விலக்கும் உணவுகளைப் பற்றி ஃபெரோ லூஸி என்னும் ஆராய்ச்சியாளர் 1973-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையே எழுதியுள்ளார்.

பப்பாளிக் காயின் பாலில் பப்பாயின் என்னும் பொருள் உள்ளது. காயையும் அரைப்பழத்தையும் கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லதே. இவ்விடத்தில் பாட்டியின் சொல் பொருளுடையதே. ஆனால் நன்கு கனிந்த பழத்தில் அந்தப் பால் மிகவும் குறைந்துவிடுகிறது; அதில் வைட்டமின் ‘ஏ’யும் ‘சி’யும் உள்ளன. எள்ளிலோ சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் உண்டு. காய்க்குச் சொன்ன விலக்கைக் கனிக்கும் சொல்லி, பழம் என்றாலே ஒதுக்கிவிடுவதால் நஷ்டம் தாய்க்கே.

குங்குமப்பூ கலந்த பால் குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்பது இன்னொரு நம்பிக்கை. பால் நல்லது. ஆனால் தோலின் நிறம் தாய் தந்தையரின் மரபணுவினால் அமைவது. அதனைக் குங்குமப்பூவால் மாற்ற இயலாது. கறுப்பாகப் பிறக்கும் பெண் குழந்தை குறையுள்ளது என்ற எண்ணத்தையே நாம் மாற்ற வேண்டும்.

குறைத்து உண்பது சரியா?

“நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துவிடும், சுகப்பிரசவம் ஆகாது” என்று சிலர் கர்ப்பிணியின் உணவைக் குறைக்கின்றனர். இது ஆபத்தானது. பிறக்கும் குழந்தை 2.5 கிலோ எடைக்குக் குறைந்தால் எடை குறைந்த குழந்தை என்பர். அத்தகைய குழந்தை நோய்களுக்கு எளிதில் ஆளாகும். கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் நாள்தோறும் 350 கலோரி கூடுதலாகத் தேவை என்பது நம் நாட்டு ஊட்டச்சத்து வல்லுநர்களின் கணக்கு. பாலூட்டும் முதல் ஆறு மாதங்களில் இது 600 ஆக உயர்கிறது.

2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் கர்ப்பிணிகளுள் நூற்றுக்கு 52 பேருக்கு இரத்தசோகை உள்ளது. பிரசவத்தில் உதிரப்போக்கு மிகுந்தால், உடலில் இரத்தம் குறைந்த தாய் அதனைத் தாங்கமாட்டாள். அரசு மருத்துவமனையில் தரும் சிவப்பு மாத்திரையை, பிள்ளை கறுத்துவிடும் என்று அஞ்சி வீட்டில் மறைத்து வைப்பவர்களும் உள்ளனர். அந்த அச்சத்திற்கு ஆதாரமே இல்லை. மாத்திரையுடன் தேநீர் அருந்தாமல், நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துக்கொண்டால் இரும்புச் சத்து நன்கு உடலில் சேரும்.

பிரசவத்திற்குப் பின்

தாய்வீட்டில் ஓய்வு, மிளகு ரசம், பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு ஆகியவை நம் பத்தியத்தின் சிறப்புகள். மீனில் புரதம் உண்டு. ஓய்வோ எந்த மருந்தினும் மேலானது. இவற்றைப் போற்றிக் காக்க வேண்டும். ஆனால் தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்றும், கீரையும் பழமும் தின்றால் குழந்தைக்குச் சளி பிடிக்கும், மாந்தம் வரும் என்றும் கூறித் தடுப்பது தவறு. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு நீரே. தாய்க்குத் தண்ணீரைத் தடுத்தால் அவள் உடல் வாடும், மலச்சிக்கலும் உண்டாகும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு சீம்பாலைக் கறந்து கொட்டுவதாகும். மஞ்சள் நிறமாக இருப்பதால் அதனைக் கெட்ட பால் என்று எண்ணி, சர்க்கரைத் தண்ணீரையும் கழுதைப் பாலையும் குழந்தைக்குப் புகட்டுகின்றனர். பசு கன்று ஈன்றால் அதன் சீம்பாலைச் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சி ஆசையுடன் உண்கிறோம். பெற்ற தாயின் சீம்பாலை மட்டும் கொட்டுவது என்ன நியாயம்? அதில் நோய் எதிர்ப்புப் பொருள்கள் நிறைந்துள்ளன. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் தர வேண்டும் என்றும், ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும், தண்ணீரும்கூட, தேவையில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

நாம் செய்யத்தக்கது

பெரியோர் சொன்ன அனைத்தும் மூடநம்பிக்கை என்று நகைப்பது அறிவாகாது. அவர்கள் அன்பினால் சொன்னார்கள். மருத்துவமும் வேகாத முட்டையையும் காய்ச்சாத பாலையும் கர்ப்பிணிக்கு விலக்குகிறது அன்றோ! எந்த விலக்குக்கும் ஒரு சோதனை உண்டு. “இதனை நீக்கினால், இதிலுள்ள சத்துக்கு ஈடாகத் தாயின் தட்டில் எதை வைப்பது?” என்று கேட்க வேண்டும். ஈடு இருந்தால் அது பத்தியம், இல்லையேல் பட்டினி. நம் அக்காவோ அண்ணியோ கர்ப்பமாக இருக்கையில், பாட்டியைச் சுகாதாரச் செவிலியரிடம் உடன் அழைத்துச் சென்று, இருவர் சொல்லையும் ஒருங்கே கேட்பது நன்று.

நம் வயதுப் பெண்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாக அதே ஆய்வு கூறுகிறது. வலிமையான தாய் ஒரே நாளில் உருவாவதில்லை. முருங்கைக்கீரையையும் கேழ்வரகையும் முகம் சுளிக்காமல் இன்றே உண்போம். நாளை நம் வீட்டுத் தாய்மாரின் தட்டு நிறையவும் பாடுபடுவோமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி