கதவின் உட்புறம்

பேத்திக்கு,

பெரிய தாத்தா வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் உன் கைக்கு வந்து சேர்ந்ததையும், வந்த முதல் வாரத்திலேயே முன்கதவின் கண்ணாடி ஏற்றும் கைப்பிடி உடைந்து உன் உள்ளங்கையிலேயே தங்கிவிட்டதையும், புதிதாக ஒன்று வாங்கி மாட்டிவிடலாமா என்று நீ கேட்டிருப்பதையும் படித்தேன். வாங்கத்தான் வேண்டும், அம்மா; ஆனால் அது கடைசியில் செய்ய வேண்டிய காரியம். இத்தனை வருஷம் உடையாதிருந்த கைப்பிடி இன்று ஏன் உடைந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் புதியதை மாட்டினால், பழையதற்கு நேர்ந்த கதியே அதற்கும் நேரும்.

இந்த வண்டியின் பூர்வோத்தரம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி உருவம் வரைந்து கொடுக்க, 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரோடு வெளிவந்த இந்தக் கார், 1961 முதல் நம் சென்னையிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனியாரால் தயாரிக்கப்பட்டது. முன்புறத்து மூடி முழுவதும், விளக்குகளோடும் மட்காப்புகளோடும் சேர்ந்து, முன்னோக்கிச் சாய்ந்து திறப்பதைச் சிறுவயதில் நீ வாய்பிளந்து பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. உன்னுடையது நான்கு கதவு வண்டி. அது நம் நாட்டில் மாத்திரமே செய்யப்பட்டதாகையால், முன்கதவின் சாமான்கள் சிலவற்றை இங்கிலாந்திலிருந்து தருவித்துக்கொள்ள முடிந்தாலும், பின்கதவுக்கென்றே உள்ளவற்றை அங்கே தேடுவதில் பயனில்லை. ஆகவே அந்தக் கதவுகளில் கைவைக்கும்போது இரட்டிப்பு ஜாக்கிரதை தேவை.

இனி வேலைக்கு வருவோம். கண்ணாடி முழுவதும் மேலே ஏறியிருக்கும்போது மற்றக் கதவின் கைப்பிடி எந்தத் திசையைக் காட்டி நிற்கிறது என்பதை முதலில் ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள். பிறகு கைப்பிடியின் அடியில் இருக்கும் வட்டத் தகட்டை இரண்டு விரல்களால் கதவை நோக்கி அழுத்து. உள்ளே இருக்கும் சுருள்வில் இணங்கித் தகடு சற்றே பின்வாங்கும்போது, கைப்பிடியின் கழுத்தையும் அதனுள் நுழைந்திருக்கும் தண்டையும் குறுக்கே ஊடுருவிக்கொண்டு ஒரு சிறு முளை இருப்பது தெரியும். கூரை மழுங்க அராவிய மெல்லிய ஆணி ஒன்றை அதன்மேல் வைத்துத் தள்ளினால் முளை மறுபுறம் வெளிவரும். கைப்பிடி தானாகக் கையில் வந்துவிடும். தகடு தன் இடத்திற்குத் திரும்பி வந்து முளையை மறைத்துக்கொண்டு நிற்பதால்தான், வேறு பூட்டு எதுவும் இல்லாமலே அது இத்தனை காலம் நழுவாதிருந்தது. இந்தச் சூட்சுமத்தை அறியாமல், உன் வயதில் நான் ஒரு கைப்பிடியைத் திருப்புளியால் நெம்பியும் சுத்தியலால் தட்டியும் இரண்டு துண்டாக்கினேன். என் அண்ணா, அதாவது உன் பெரிய தாத்தா, ஒரு வார்த்தையும் கடிந்து சொல்லவில்லை, ஆனால் அவர் முகம் வாடியதை நான் மறக்கவில்லை. அந்தக் கைப்பிடி பார்வைக்கு எஃகு போலத் தோன்றினாலும் உள்ளே துத்தநாகக் கலவை. அச்சில் வார்த்து மேலே குரோமியம் பூசியது. வளையும் சுபாவம் அதற்கு இல்லை, அடித்தால் உடையும். பூச்சில் நுண்ணிய பொத்தல்கள் விழுந்திருந்தால், பித்தளைப் பாத்திரம் விளக்குவதுபோல் புளி போட்டுத் தேய்க்கவும் கூடாது. புளியின் அமிலம் பொத்தல் வழியே இறங்கித் துத்தநாகத்தை அரித்துவிடும். சோப்பு நீரும் மெல்லிய துணியும் போதும்.

கண்ணாடிக் கைப்பிடியும் கதவு திறக்கும் கைப்பிடியும் கழன்ற பிறகு, ரெக்சின் போர்த்திய உட்பலகை எஃகுக் கிளிப்புகளால் மட்டுமே கதவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அது கெட்டி அட்டை. கிளிப்புக்குத் தொலைவில் பிடித்து இழுத்தால் கிளிப்பு அசையாமல் அட்டைதான் கிழியும். துணி சுற்றிய தட்டையான தோசைத் திருப்பி ஒன்றை விளிம்பில் நுழைத்து, கிளிப்பு இருக்கும் இடத்தைக் கண்டு, அதன் அருகிலேயே நெம்பு. கழற்றும் ஸ்க்ரூக்களைப் பாட்டியின் பழைய அஞ்சறைப் பெட்டியில், கழற்றிய வரிசைப்படி, அறை அறையாகப் போட்டு வை. எந்த ஸ்க்ரூ எந்தத் துளைக்கு உரியதென்பது அற்ப விஷயமன்று. கதவில் அளவுக்கு மீறி நீண்ட ஸ்க்ரூ ஒன்றை முடுக்கினால் அது உள்ளே இறங்கும் கண்ணாடியை உரசிக் கீறிவிடும். அன்றியும், இந்த வண்டி அங்குல அளவில் செய்யப்பட்டது. கால் அங்குல நுண்மரை போல்ட்டின் குறுக்களவு 6.35 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 28 மரை. இக்காலக் கடையில் கிடைக்கும் 6 மில்லிமீட்டர் போல்ட்டு கண்ணுக்கு அதே போலத்தான் இருக்கும், துளையிலும் சற்று நுழையும், ஆனால் மரை பொருந்தாது. பலவந்தமாக முடுக்கினால் இரண்டும் பாழ்.

பலகை கழன்றதும் அவசரப்படாமல் உள்ளே விளக்கடித்துப் பார். கண்ணாடியை ஏந்தி ஏற்றி இறக்கும் புயமும் பற்சக்கரமும் தெரியும். உன் கைப்பிடி உடைந்ததற்கு அவை காரணமாக இருக்காது என்பது என் அபிப்பிராயம். கண்ணாடியின் இருமருங்கிலும் அது வழுக்கிச் செல்லும் கம்பளி பதித்த தடங்களைத் தொட்டுப் பார். பல வருஷத்துப் புழுதி ஏறி அந்தக் கம்பளி கல்லாகச் சமைந்திருக்கும். அல்லது அதன் முதுகிலுள்ள இரும்புத் தகடு துருப்பிடித்துப் பருத்துக் கண்ணாடியைக் கிட்டி போலப் பிடித்திருக்கும். கண்ணாடி நகர மறுக்க, நாம் மேலும் பலத்தைச் செலுத்த, அந்தப் பலம் முழுவதையும் கைப்பிடியின் மெலிந்த கழுத்து ஒன்றே தாங்கி, ஒரு நாள் பிளந்தது. புழுதிதான் காரணமென்றால் பல்துலக்கும் பிரஷ்ஷால் தடத்தைச் சுத்தம் செய்து, மெழுகுவத்தியை அதில் நெடுகத் தேய். எண்ணெய் மட்டும் விடாதே, அது மீண்டும் புழுதியைச் சேர்த்துப் பசையாக்கும். துருவென்றால் தடத்தையே மாற்றுவது தவிர வேறு வழி இல்லை. பற்சக்கரத்துக்குக் கிரீஸ் வை.

இன்னொன்றையும் கவனி. மழை பெய்யும்போது கண்ணாடியின் ஓரமாக நீர் கதவுக்குள் இறங்குகிறதே என்று நீ திகைக்க வேண்டாம். அது இறங்கும் என்று எதிர்பார்த்தே கதவின் அடியில் வடிதுளைகள் வைத்திருக்கிறார்கள். மேலிருந்து ஒரு டம்ளர் நீர் வார்த்துப் பார். அடியில் சொட்டவில்லையானால் துளைகளை ஈர்க்குச்சியால் குத்தித் திற. அட்டைப் பலகைக்கும் கதவுக்கும் நடுவே நீர் படாமல் ஒரு பாலிதீன் தாள் ஒட்டியிருக்க வேண்டும். யாரோ ஒரு மெக்கானிக் என்றோ கிழித்தெடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டாமல் மூடியிருப்பார். உன் பலகையின் அடிப்பாகம் உப்பிப்போய் ரெக்சின் உரிந்திருப்பதாக எழுதியிருக்கிறாயே, அதன் காரணம் இதுவே. புதுத் தாளை வெட்டி ஒட்டிய பிறகுதான் பலகையைத் திரும்ப மாட்ட வேண்டும்.

வேகங்காட்டியின் விளக்கு எரியவில்லை என்று கேட்டிருந்தாய். அது பதிந்திருக்கும் முன்பலகையின் பின்புறம் கையை விடுவதற்கு முன் பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடு. இவ்வகைப் பழைய வண்டிகளில் பல கம்பிகளுக்குப் பியூஸின் காவல் கிடையாது. அக்காலத்து ஆங்கில வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனையே வண்டியின் உடலோடு சேர்க்கப்பட்டிருந்தது; உன்னுடையதில் எந்த முனை சேர்ந்திருக்கிறதென்று பார்த்து, அதையே முதலில் கழற்று. சிறு பல்பின் தாங்கி பின்புறத்திலிருந்து வெறுமனே செருகப்பட்டிருக்கும், இழுத்தால் வரும். பல்பு நன்றாகவே இருக்கவும் கூடும். மின்சாரம் திரும்பிச் செல்லும் வழி அந்தத் தாங்கியின் உலோக உடல்தான். அதில் துருவின் படலம் படர்ந்தால் எத்தனை பல்பு மாற்றினாலும் இருட்டுத்தான். உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துப் பளபளப்பாக்கிச் செருகிப் பார்.

வெயில் மறைப்பு தொங்குவதைப் பற்றி எழுத அதிகமில்லை. அதன் கீலை இறுக்கும் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பு.

உடைந்த கைப்பிடியை எறிந்துவிடாதே. முளை, சுருள்வில், தகடு ஆகியவற்றோடு அதையும் ஒரு துணிப்பையில் போட்டு வை. நான் அடுத்த மாதம் சென்னைக்கு வரும்போது, இருவருமாகப் புதுப்பேட்டைக்குப் போய், பழைய சாமான் கடைகளில் அதைக் கடைக்காரர் கையில் கொடுத்து இணை கேட்போம். அதற்குள் தடங்களைச் சுத்தம் செய்து மெழுகு தேய்த்துவிட்டு, கைப்பிடி இல்லாமலே, இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் பதித்து, யாரையாவது தண்டை ஸ்பேனரால் மெல்லத் திருப்பச் சொல்லி, அது எப்படி இறங்குகிறதென்று எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் தாத்தா