நிர்வாக முடிவுகளுக்குத் துணை செய்யும் கணிப்பொறி: அமைப்பும் மதிப்பீடும்
(அங்கத்தினர் கல்விப் பாடம்)

சங்கத்தின் நிர்வாக சபை கூடும்போதெல்லாம் ஏதேனும் ஒரு முடிவு செய்யப்படுகிறது. எந்த எண் நூலை எவ்வளவு வாங்குவது, பண்டிகைக்கு எத்தனை சேலைகளை நெய்து வைப்பது, கிடங்கிலுள்ள மஞ்சளை இன்றே விற்பதா அல்லது ஒரு மாதம் பொறுத்திருப்பதா என்பன போன்றவை அவை. முடிவு சரியாக அமைந்தால் அங்கத்தினர்களுக்குக் கூலியும் விலையும் ஒழுங்காகக் கிடைக்கும். தவறினால் சரக்கு தேங்கும், பணம் முடங்கும், தறி நிற்கும்.

இத்தகைய முடிவுகளுக்குக் கணிப்பொறியைத் துணை கொள்ளும் காலம் நம் சங்கங்களுக்கும் வந்துவிட்டது. 2022 ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை, நாட்டிலுள்ள ஏறத்தாழ 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. பேரேட்டைக் கணிப்பொறியில் எழுதுவது முதற்படியே ஆகும். அதில் சேர்ந்த கணக்கைக் கொண்டு நல்ல முடிவு செய்வது அடுத்த படி. அதற்கான ஏற்பாட்டை எவ்வாறு அமைப்பது, அமைத்தபின் அது பயன்பட்டதா என்பதை எவ்வாறு அளப்பது என்ற இரண்டையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. முடிவின் படிகளும் வகைகளும்

பிற்காலத்தில், 1978-ல், பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் என்னும் அமெரிக்க அறிஞர், 1960-ல் வெளிவந்த தம் நூலில் முடிவெடுத்தலை மூன்று படிகளாகப் பிரித்தார். நிலைமையை அறிதல் முதற்படி. செய்யக்கூடிய வழிகளை வகுத்தல் இரண்டாம் படி. அவற்றுள் ஒன்றைத் தேர்தல் மூன்றாம் படி. மூன்றாம் படியே முடிவு என்று நாம் எண்ணுவது வழக்கம். முதல் இரண்டு படிகளும் சரியாக நடவாத இடத்தில், தேர்வு எவ்வளவு கவனமாகச் செய்யப்பட்டாலும் பயனில்லை.

முடிவுகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. நெய்த கஜத்துக்குக் கூலி கணக்கிடுதல், கடனுக்கு வட்டி போடுதல் ஆகியவை விதிப்படி நடப்பவை. இவற்றை யந்திரத்திடமே ஒப்படைக்கலாம். புதிய ஊரில் விற்பனை நிலையம் திறக்கலாமா என்பதற்கு விதி கிடையாது. அனுபவமும் விவேகமுமே வழி. இவ்விரண்டுக்கும் இடையே, ஒரு பகுதி கணக்கும் ஒரு பகுதி விவேகமுமாய் அமைந்த முடிவுகள் பல உள்ளன. 1971-ல் கோரி, ஸ்காட் மார்ட்டன் என்ற இருவர் எழுதிய கட்டுரையில் இந்த வகைப்பாடு தெளிவாக விளக்கப்பட்டது. மனிதரும் கணிப்பொறியும் சேர்ந்து உழைக்க வேண்டிய இடம் இந்த நடுப்பகுதியே. கொள்முதல், இருப்பு, விற்பனை பற்றிய நம் முடிவுகளில் பெரும்பாலானவை இதில் அடங்கும்.

2. லண்டன் தேநீர்க் கடைகள் தரும் பாடம்

வியாபாரக் காரியத்துக்குக் கணிப்பொறியை முதன்முதல் ஒழுங்காகப் பயன்படுத்தியது தேயிலையும் ரொட்டியும் விற்ற ஒரு நிறுவனம் என்பது பலருக்கு வியப்பளிக்கும். இங்கிலாந்தில் லயன்ஸ் என்னும் கம்பெனி இருநூறுக்கு மேற்பட்ட தேநீர்க் கடைகளை நடத்தி வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான எட்சாக் யந்திரத்தைப் பின்பற்றி, அந்நிறுவனத்தார் லியோ என்ற கணிப்பொறியைத் தாமே கட்டினர். 1951 நவம்பரில் அது ரொட்டிச் சாலைக் கணக்கைப் போடத் தொடங்கியது.

நமக்கு அதிகம் பயன்படும் பாடம் 1954-ல் ஏற்பட்டது. ஒவ்வொரு கடைக்கும் மறுநாள் எவ்வளவு ரொட்டி, எவ்வளவு பலகாரம் அனுப்புவது என்பது தினசரிப் பிரச்சினை. மிஞ்சினால் வீண், குறைந்தால் வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். அதுவரை கடை நிர்வாகிகளான பெண்மணிகள் நாள்தோறும் நீண்ட பட்டியல்களை நிரப்பி அனுப்பி வந்தனர். புதிய ஏற்பாட்டில், ஒவ்வொரு கடைக்கும் கிழமைவாரியாக ஒரு வழக்கமான அளவு நிர்ணயிக்கப்பட்டு யந்திரத்தில் பதிவாயிற்று. நிர்வாகி, மாற்றம் தேவைப்பட்ட பொருள்களை மட்டும் தொலைபேசியில் தெரிவித்தார். கேட்டவர் அதை அட்டையில் துளையிட்டுப் பதிந்தார். எல்லாக் கடைகளின் தேவையையும் கூட்டி, உற்பத்திக்கும் அனுப்புதலுக்கும் வேண்டிய பட்டியல்களை யந்திரம் அச்சிட்டுத் தந்தது.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மாறாத பகுதியை யந்திரம் சுமந்தது. நாளைக்கு மழை வருமா, தெருவில் திருவிழா உண்டா என்பன போன்ற உள்ளூர் விஷயங்களை அறிந்த நிர்வாகியின் விவேகம் அப்படியே காக்கப்பட்டது. ஒவ்வொரு வேலையையும் முதலில் கடையிலும் தொழிற்சாலையிலும் ஆராய்ந்து, பிறகே யந்திரத்துக்கு ஏற்ப வகுத்தனர். வேலையை ஆராயாமல் யந்திரத்தை மட்டும் வாங்கிவைக்கும் சங்கம் இப்பயனை எதிர்பார்க்க இயலாது.

3. ஓர் உதாரணக் கணக்கு

நெசவாளர் சங்கம் ஒன்று தீபாவளிக்கு ஒரு ரகச் சேலையில் எத்தனை உருப்படிகளைத் தயாராக வைப்பது என்று முடிவு செய்வதாகக் கொள்வோம். பண்டிகைக்குள் விற்கும் சேலை ஒன்றுக்குச் சங்கத்துக்கு 200 ரூபாய் மிஞ்சும். விற்காமல் நின்றதைப் பிறகு தள்ளுபடியில் விற்கும்போது, வட்டியும் சேர்த்து, 100 ரூபாய் நஷ்டம். கடந்த 9 ஆண்டுகளில் தேவை 3 ஆண்டுகள் 400 ஆகவும், 3 ஆண்டுகள் 500 ஆகவும், 3 ஆண்டுகள் 600 ஆகவும் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். எளிமைக்காகக் கற்பித்த எண்கள் இவை.

400 தயாரித்தால் எவ்வாண்டும் லாபம் 80,000 ரூபாய். 500 தயாரித்தால், தேவை 400 ஆகும் ஆண்டில் 70,000 ரூபாய்; மற்ற ஆண்டுகளில் 1,00,000 ரூபாய்; சராசரி 90,000 ரூபாய். 600 தயாரித்தால், தேவைக்கேற்ப 60,000, 90,000, 1,20,000 ரூபாய். சராசரி மீண்டும் 90,000 ரூபாயே.

இவ்வளவையும் கணிப்பொறி நொடியில் சொல்லிவிடும். 400 போதாது என்பதை ஐயமின்றிக் காட்டும். ஆனால் 500-ஆ, 600-ஆ என்ற கேள்விக்கு அது விடை தராது. 600 என்றால் நூறு சேலைக்கான வேலை கூடுதலாக நெசவாளர்களுக்குக் கிடைக்கும். கெட்ட ஆண்டில் சங்கத்தின் வருமானம் 10,000 ரூபாய் குறையும். தனி வியாபாரியின் ஏட்டில் கூலி வெறும் செலவு. கூட்டுறவுச் சங்கத்திலோ அந்தச் செலவே அங்கத்தினரின் வருமானம். இந்த இரண்டையும் சீர்தூக்கிப் பார்ப்பது பொதுச்சபைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட நிர்வாக சபையின் பொறுப்பு. நல்ல ஏற்பாடு ஒரே எண்ணை நீட்டி ஒதுங்கிவிடாது. வழிகளையும் அவற்றின் விளைவுகளையும் அருகருகே வைத்துக் காட்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் இக்கணக்கில் அடங்கியுள்ளது. விற்பனைப் பதிவேடு விற்றதையே காட்டும். கேட்டுக் கிடைக்காமல் திரும்பியவரைக் காட்டாது. 400 சேலை மட்டுமே வைத்திருந்த ஆண்டில் ஏடு 400 என்றுதான் சொல்லும். 550 பேர் கேட்டிருக்கலாம். அந்த ஏட்டை நம்பும் கணிப்பொறி ஆண்டுதோறும் குறைவாகவே தயாரிக்கச் சொல்லும். ஆகவே, இல்லையென்று சொல்லி அனுப்பிய ஒவ்வொரு தடவையும் விற்பனையாளர் ஒரு குறிப்பு எழுதிவைப்பது அவசியம். விலையுயர்ந்த யந்திரத்தைவிட இக்குறிப்பு அதிகப் பலன் தரக்கூடும்.

4. அமைக்கும் முறை

முதலாவது, முடிவிலிருந்து தொடங்க வேண்டும். என்னென்ன விவரங்கள் வேண்டும் என்று கேட்டால் எல்லாமே வேண்டும் என்ற பதில்தான் வரும். எந்த முடிவை, யார், எந்த நாளில் செய்கிறார் என்று கேட்டால் தேவை தானே சுருங்கும். மஞ்சளை விற்பதா, வைத்திருப்பதா என்பதற்கு இன்றைய விலை, கடந்த ஆண்டுகளில் இதே மாதங்களின் விலைப்போக்கு, கிடங்கு வாடகை, ஈட்டுக் கடனின் வட்டி, எடைக் குறைவு ஆகியவை போதும். நாற்பது பக்க அறிக்கை தேவையில்லை.

இரண்டாவது, பயன்படுத்துவோருக்குப் புரிய வேண்டும். 1970-ல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர், நிர்வாகிக்கு உதவும் கணக்கு முறைக்கு ஆறு இலக்கணங்கள் கூறினார். அது எளிமையாக இருக்க வேண்டும். அபத்தமான விடை தராதபடி உறுதியாக இருக்க வேண்டும். நிர்வாகியின் கைக்கு அடங்க வேண்டும். புது விவரம் வந்தால் மாற்றிக்கொள்ள இடம் தர வேண்டும். முக்கியமான அம்சங்களை விடாமல் தழுவ வேண்டும். எளிதில் வினவி விடை பெறக்கூடியதாக இருக்க வேண்டும். நம் காரியதரிசியும் பஞ்சாயத்தாரும் எந்த ஏற்பாட்டையும் இந்த ஆறு உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம்.

மூன்றாவது, உள்ளே நடப்பதை அறியாமல் ஏற்றுக்கொள்ளக் கூடாது. ரஸ்ஸல் ஆக்காஃப் என்ற அறிஞர் 1967-ல் எழுதிய கட்டுரையில் ஒரு தொழில் நிறுவனத்தின் கதையைக் கூறுகிறார். பொருள்களின் இருப்பைக் கவனித்து ஆர்டர் போடும் வேலை அங்கே கணிப்பொறியிடம் விடப்பட்டிருந்தது. எவ்வளவுக்கு மேல் இருப்பு இருக்கக் கூடாதோ, அந்த உச்ச அளவுக்குக் கீழே இருப்பு இறங்கியவுடனேயே புது ஆர்டர் போடும்படி அதில் விதி அமைந்துவிட்டது. கையால் கணக்கு வைத்த காலத்தைவிடச் செலவு மிகுந்தது. யந்திரம் விதியைப் பிசகாமல் பின்பற்றியது. விதி என்ன என்று நிர்வாகத்தில் எவரும் கேட்கவில்லை. நிர்வாகிகளுக்கு விவரப் பஞ்சத்தைவிடத் தேவையற்ற விவரங்களின் வெள்ளமே பெரிய இடைஞ்சல் என்றும் அவர் அக்கட்டுரையில் எழுதினார்.

5. மதிப்பிடும் முறை

யந்திரம் வேகமானதா, அச்சு அழகாக உள்ளதா என்பவை மதிப்பீடு ஆகமாட்டா. முடிவு சீர்பட்டதா என்பதே கேள்வி. அதை அறியச் சில வழிகள் உள்ளன.

(அ) ஏற்பாடு வருமுன் இருந்த நிலையை எழுதிவைக்க வேண்டும். தேங்கிய சரக்கின் மதிப்பு, நூல் இல்லாமல் தறி நின்ற நாட்கள், இல்லையென்று திருப்பியனுப்பிய வாடிக்கையாளர் ஆகிய விவரங்கள் இல்லையேல் பிற்பாடு ஒப்பிட ஏதுமிராது.

(ஆ) கடந்த ஆண்டுக் கணக்கைக் கொண்டு சோதிக்க வேண்டும். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் தெரிந்த விவரங்களை மட்டும் கணிப்பொறிக்குக் கொடுத்து, தீபாவளிக்கு என்ன சொல்கிறது என்று பார்த்து, உண்மையில் நடந்ததோடு ஒப்பிடலாம். பின்னால் தெரிந்த விவரத்தை முன்கூட்டிக் கொடுத்தால் சோதனை வீண்.

(இ) ஒரு பருவத்துக்குப் பழைய முறையையும் புதிய முறையையும் சேர்த்தே நடத்த வேண்டும்.

(ஈ) நிர்வாக சபை கணிப்பொறியின் யோசனையிலிருந்து விலகினால் காரணத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். ஆண்டு முடிவில் எத்தனை முறை சபை சரி, எத்தனை முறை யந்திரம் சரி என்று பார்த்தால் இரண்டும் திருந்தும்.

(உ) ஓர் ஆண்டுப் பலனைக் கொண்டு தீர்ப்புச் சொல்லக் கூடாது. நல்ல முடிவுக்குப் பின்னும் மழை கெடுக்கலாம். தவறான முடிவையும் அதிர்ஷ்டம் காப்பாற்றலாம்.

(ஊ) யந்திரத்தின் விலையோடு, விவரம் பதியும் ஊழியரின் நேரம், பயிற்சி, பழுதுபார்ப்பு ஆகிய செலவுகளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

6. அங்கத்தினரின் கடமை

கணிப்பொறி சொல்லியது என்பது பொதுச்சபையில் ஒரு பதிலாக ஏற்கத்தக்கதன்று. எந்த விவரத்தைக் கொண்டு, எந்த விதிப்படி அவ்வாறு சொல்லியது, அதை நிர்வாக சபை ஏன் ஏற்றது என்று கேட்க ஒவ்வோர் அங்கத்தினருக்கும் உரிமை உண்டு. ஒரு நபருக்கு ஒரு வாக்கு என்ற நம் கொள்கை கேள்வி கேட்பவர் உள்ளவரையே உயிருடன் இருக்கும். விளக்கிச் சொல்ல முடியாத கணக்கு, கையால் எழுதியதாயினும் யந்திரம் போட்டதாயினும், சங்கத்துக்கு ஆகாது. விளங்கும்படி அமைந்த கணக்கோ, பஞ்சாயத்தாரின் கையையும் பலப்படுத்தும். அங்கத்தினரின் நம்பிக்கையையும் வளர்க்கும்.

கல்வி வகுப்புக்கான வினாக்கள்

1. உங்கள் சங்கத்தில் சென்ற ஆண்டு செய்யப்பட்ட மூன்று முக்கிய முடிவுகளைக் கூறி, அவை எவ்வகையைச் சேர்ந்தவை என்று பிரித்துக் காட்டுக.
2. லயன்ஸ் கடைகளின் ஏற்பாட்டில் யந்திரத்துக்கு எந்த வேலையும் மனிதருக்கு எந்த வேலையும் விடப்பட்டன? ஏன்?
3. உதாரணக் கணக்கில், விற்காத சேலைக்கு நஷ்டம் 150 ரூபாயானால் சராசரி லாபம் எந்த அளவில் அதிகமாகும்?
4. விற்பனைப் பதிவேடு தேவையைக் குறைத்துக் காட்டக்கூடியது ஏன்? உங்கள் சங்கத்தில் இதைச் சரிசெய்யும் வழி யாது?
5. புதிய ஏற்பாட்டை ஓராண்டு கழித்து மதிப்பிட, இன்றே எழுதிவைக்க வேண்டிய விவரங்கள் எவை?