பாலிஷ் போட்டும் திரும்பி வரும் உப்புக்கறை

கேள்வி: எங்களுடையது நாலு வருஷம் ஓடிய கறுப்பு கார். அடுக்குமாடிக் குடியிருப்பு என்பதால் வெட்டவெளியில்தான் நிறுத்துகிறோம். தினமும் காலையில் ஒரு தம்பி வந்து போர் தண்ணீரில் துடைத்துவிட்டுப் போவார். பானெட், ரூஃப், டிக்கி மூடி எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள் விழுந்துவிட்டன. ஷாம்பு போட்டுத் தேய்த்தும் அசையவில்லை. வாட்டர் வாஷ் செய்யும் கடையில் பாலிஷ் போட்டார்கள். அன்றைக்குப் பளபளவென்று இருந்தது. மூன்று வாரத்தில் அத்தனை வட்டமும் அதே இடத்தில் வந்து நிற்கின்றன. பாத்ரூம் ஆசிட்டில் தண்ணீர் கலந்து துடைத்தால் போய்விடும் என்கிறார் எங்கள் வாட்ச்மேன். செராமிக் கோட்டிங் போட்டால் இந்தத் தொல்லையே இருக்காது என்கிறார் கடைக்காரர். மெஷின் வாங்கி நானே பாலிஷ் போட்டுப் பார்க்கலாமா?

— வாசகி, மேடவாக்கம், சென்னை

பதில்: போடலாம். ஆனால் மெஷினைக் கையில் எடுக்கும் முன், கறை பெயின்ட்டின் மேல் படிந்திருக்கிறதா, பெயின்ட்டையே அரித்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளுங்கள். மேலே படிந்தது உப்பு. அதைக் கரைத்தே எடுத்துவிடலாம், பாலிஷ் தேவையில்லை. அரித்தது குழி, அதற்குத்தான் பாலிஷ். உங்கள் காரில் இரண்டும் கலந்து இருக்கும் என்பது என் கணிப்பு.

உங்கள் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று அறிய ஆய்வகத்துக்குப் போக வேண்டாம். குழாய் வாயிலும் ஷவரிலும் வெள்ளையாகப் பிடித்திருக்கிறதே, அதே சரக்குதான் பானெட்டிலும் இருக்கிறது: கால்சியம், மெக்னீசிய உப்புகள். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாதபோது 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனம். 600 உள்ள தண்ணீரில் ஒரு வாளி எடுத்துக் காரைக் கழுவி வெயிலில் காயவிட்டால், தண்ணீர் ஆவியாகிப் போகும். உப்பு எங்கே போகும்? கறுப்பு பானெட் நம் ஊர் மே மாத வெயிலில் 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்தச் சூட்டில் துளி ஓரத்திலிருந்து காயும்போது உப்பெல்லாம் விளிம்புக்கு ஒதுங்குகிறது. அதனால்தான் உங்களுக்குப் புள்ளியாகத் தெரியாமல் வட்டமாகத் தெரிகிறது. அப்படியே விட்டு, மறுநாளும் அதன்மேல் ஈரத்துணி பட்டு, மறுபடி வெயில் காய்ந்தால், நிறத்தின் மேல் இருக்கும் கிளியர் கோட் சூட்டில் இளக, அதை அந்த உப்பு மெல்ல மெல்லக் கடித்து இறங்கும்.

கடையில் போட்ட பாலிஷ் ஏன் மூன்று வாரத்தில் தோற்றது? பெரும்பாலும் அங்கே போடுவது மெழுகும் எண்ணெயும் சிலிகானும் கலந்த சரக்கு. அது குழியை நிரப்பி மறைக்கும், எடுக்காது. நாலு முறை கழுவினால் நிரப்பியது போய்விடும், குழி அப்படியே இருக்கும். கறை திரும்பி வந்ததாக நினைக்காதீர்கள். அது போகவே இல்லை.

முதல் வேலை வினிகர். மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரே போதும். அதில் சம அளவு நல்ல தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் என்றால் இன்னும் நல்லது. போர் தண்ணீரில் கலந்தால் வினிகரின் வலுவில் கொஞ்சம் அந்த உப்போடேயே போய்விடும். காரை ஷாம்பு போட்டுக் கழுவி, நிழலில் நிறுத்தி, பானெட்டில் கை வைத்தால் சூடு தெரியாத நேரமாகப் பாருங்கள். மைக்ரோஃபைபர் துணியை நனைத்துக் கறைமேல் ஒன்றிரண்டு நிமிஷம் போட்டு வையுங்கள். காயவிடக் கூடாது. அழுத்தாமல் துடைத்து, நிறையத் தண்ணீர் ஊற்றி அலசி, உடனே ஒற்றி எடுங்கள். ஒரே தடவையில் போகாவிட்டால் இன்னொரு தடவை செய்யலாம். முதலில் கண்ணில் படாத ஓர் ஓரத்தில் செய்து பார்ப்பது நல்லது. குரோமியம் பூச்சிலும் அலுமினியப் பட்டையிலும் வினிகர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது பழைய மெழுகையும் எடுத்துவிடும். இப்போதைக்கு அது நல்லதுதான், குழி மறையாமல் தெரியும்.

பாத்ரூம் ஆசிட்டைத் தொடவே வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். உப்பைக் கரைக்கும், மறுக்கவில்லை. அதோடு கல் தெறித்த இடத்தில் தெரியும் இரும்பையும், கதவு மடிப்புகளையும், குரோமியத்தையும் சேர்த்துக் கரைக்கும். ஆறு மாதம் கழித்துத் துரு கிளம்பும்போது வாட்ச்மேனிடம் போய்க் கேட்க முடியாது. எலுமிச்சம்பழத்தை நேரே தேய்ப்பதும் வேண்டாம். அமிலத்தைவிடத் தேய்க்கும் கைதான் அங்கே அதிகம் கீறுகிறது.

வினிகர் போட்டு அலசி நன்றாகக் காய்ந்த பிறகு, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது பார்த்து ஏமாறாதீர்கள். ஈரத்தில் எல்லாக் கறையும் மறையும். காய்ந்தபின் விரலுக்குச் சொரசொரப்பே இல்லாமல், விளக்கில் மட்டும் வட்டம் தெரிந்தால் அது அரிப்பு. சொரசொரப்பு இருந்தால் இன்னும் ஏதோ மேலே ஒட்டியிருக்கிறது. சில போர் தண்ணீரில் சிலிகா இருக்கும், அதை வினிகர் கரைக்காது. அந்த இடத்துக்குக் கிளே பார் போட்டுப் பாருங்கள். சோப்புத் தண்ணீர் வழுக்கலாக விட்டு, அழுத்தமில்லாமல்.

இனிமேல்தான் பாலிஷ். இங்கே ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். இன்றைய கார்களில் நிறத்தின் மேல் இருக்கும் கிளியர் கோட் சுமாராக 40, 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பாற்றுவது அதுதான். பாலிஷ் என்பது அந்தப் படலத்தைச் சீவி, சுற்றியிருக்கும் மட்டத்தைக் குழியின் அடிமட்டத்துக்கு இறக்குவது. சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால்தான் வருஷா வருஷம் தீபாவளிக்குக் காம்பவுண்ட் போட்டுக்கொள்ளும் பழக்கத்தைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

மெஷின் வாங்குவதானால் டி.ஏ. பாலிஷர் வாங்குங்கள். அதன் பேட் சுழன்றுகொண்டே அங்கும் இங்கும் ஊசலாடும், ஓரிடத்தில் சூடு சேராது. பட்டறையில் வைத்திருக்கும் ரோட்டரி ஒரே அச்சில் சுற்றுவது. பழகாத கை ஒரு நொடி அசந்தால் பெயின்ட் எரிந்துவிடும். எரியாவிட்டாலும் வெயிலில் நிறுத்தும்போது கறுப்பு பெயின்ட்டில் சுழல் சுழலாகக் கோடு தெரியும். கூடவே 5 அங்குல ஃபோம் பேட் மூன்று நான்கு, மென்மையான ஃபினிஷிங் பாலிஷ் ஒன்று, நடுத்தரமானது ஒன்று. கரடான காம்பவுண்டை இப்போது வாங்க வேண்டாம். கறுப்பு ரப்பர் பட்டைகளுக்கும் பிளாஸ்டிக்குக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். பாலிஷ் காய்ந்து வெள்ளையாகப் பிடித்தால் எடுப்பது பெரும்பாடு.

பானெட்டின் நடுவில், அதிகக் கறை உள்ள ஒன்றரை அடிச் சதுரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டில் மென்மையான பாலிஷை முதலில் பட்டாணி அளவுக்கு நாலு சொட்டு விடுங்கள். மெஷினை அணைத்தபடியே அந்தச் சதுரம் முழுக்கத் தடவிவிட்டு, பிறகு ஓட விடுங்கள். இல்லாவிட்டால் பாலிஷ் சுவரெல்லாம் தெறிக்கும். நடுத்தர வேகத்துக்குச் சற்று மேலே வைத்து, பேட் தட்டையாகப் படியும்படி, நொடிக்கு ஓர் அங்குலம் போல நகர்த்துங்கள். முதலில் குறுக்கே, பிறகு நெடுக்கே, ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறும்படி நாலைந்து நடை. எல்லோரும் தவறுவது இந்த நகர்த்தலில்தான்: இஸ்திரி போடுகிற வேகத்தில் ஓட்டிவிட்டு, பாலிஷ் சரியில்லை என்பார்கள். பேட் சுற்றுகிறதா என்று பார்க்க அதன் பின்தட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு நின்றுவிட்டால் நீங்கள் அதிகம் அழுத்துகிறீர்கள்.

துடைத்துப் பாருங்கள். இங்கேயும் எண்ணெய் உங்களை ஏமாற்றும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து ஒரு துடை துடைத்துவிட்டு டார்ச் அடித்தால்தான் உண்மை தெரியும். வட்டம் போயிருந்தால் காரின் மற்ற இடங்களுக்கும் அதே பாலிஷ், அதே பேட். போகவில்லை என்றால் நடுத்தரத்துக்கு ஏறுங்கள், முடித்ததும் மென்மையானதால் ஒரு நடை. சதுரத்துக்குச் சதுரம் பேட்டைப் பிரஷால் சுத்தம் செய்யுங்கள். துணி கீழே விழுந்தால் அதை அன்றைக்கு மறந்துவிடுங்கள். பானெட்டின் மடிப்புக் கோடுகளிலும் கதவு விளிம்புகளிலும் பெயின்ட் மெலிதாக இருக்கும், அங்கே மெஷினை நிறுத்தவே கூடாது. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சீக்கிரம் சூடேறும். கையை வைத்துப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.

இதற்கும் மசியாத வட்டங்கள் பத்திருபது மிஞ்சும். அவற்றை விட்டுவிடுங்கள் என்பேன். முழுக்க எடுத்தே தீர வேண்டுமென்றால் 3000 நம்பர் தாளில் ஈரம் விட்டுத் தேய்க்க வேண்டியிருக்கும். அதைச் செய்பவர் கையில் பெயின்ட்டின் தடிமன் அளக்கும் கருவி இருக்க வேண்டும். அளக்காமல் தேய்க்க வருகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் தெரியாத கறைக்காகக் கிளியர் கோட்டைத் தொலைப்பது நஷ்டக் கணக்கு. முன்கண்ணாடியில் உள்ள கறைக்கு இந்தப் பாலிஷ் பெரிதாக உதவாது. அதற்கு சீரியம் ஆக்ஸைடு கலந்த கண்ணாடி பாலிஷ் தனியாகக் கிடைக்கிறது.

செராமிக் கோட்டிங் தண்ணீரை உருண்டையாக்கும், உப்பை வடிகட்டாது. உருண்டை வழிந்து ஓடாமல் வெயிலில் நின்றால் கோட்டிங்கின் மேலும் வட்டம் விழும். சுத்தம் செய்வது சுலபமாகும் என்பதற்காகப் போடுங்கள், கறையே வராது என்ற வாக்குறுதிக்காக வேண்டாம். குழிகளை எடுக்காமல் போட்டுவிட்டால் அதன் அடியில் அவை பத்திரமாக இருக்கும் என்பதையும் கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார்.

மாற்ற வேண்டியது தண்ணீர்தான். உங்கள் ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது அது, உப்பு ஏறக்குறைய இல்லை. துணியில் வடிகட்டிக் கடைசி அலசலுக்கு வைத்துக்கொண்டால் போதும். நேர்மாறாக, ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று காருக்கு ஊற்றுகிறவர்கள் நிறைய. உப்பு செறிந்து வருவதே அதில்தான். அதைத் தரை துடைக்கக் கொடுங்கள். துடைக்கிற தம்பியிடம் வாரம் இரண்டு நாள் வந்தால் போதும், ஈரத்தைக் காய்ந்த துணியால் ஒற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லுங்கள். சம்பளத்தைக் குறைக்காதீர்கள், வேலை கூடுகிறது.

வெட்டவெளி வேண்டாமென்று பேஸ்மென்ட்டில் இடம் கேட்கும் எண்ணமிருந்தால், முதலில் அங்கே தலைக்கு மேலே பாருங்கள். கான்கிரீட் வெடிப்பில் வெள்ளைக் கோடு இறங்கியிருந்தால், அந்த வழியாகச் சொட்டுவது சுண்ணாம்புச் சத்துள்ள காரத் தண்ணீர். போர் தண்ணீரைவிட வேகமாகப் பெயின்ட்டைத் தின்னும். குடியிருப்போர் சங்கத்தில் சொல்லிக் கசிவை அடைக்கும்வரை அந்த இடத்தை வாங்காதீர்கள். ஏற்கெனவே சொட்டியிருந்தால் சுரண்டாமல், அன்றைக்கே வினிகர் துணி போடுங்கள்.