கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே

“பச்சை உடம்புக்காரி, அவளை எதுக்கு அலையவிடணும்? பிள்ளையை மட்டும் கொண்டு போங்க.”

குறைமாதக் குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப 108 ஆம்புலன்ஸில் ஏற்றும்போது கேட்கும் பேச்சு இது. அக்கறையில் சொல்வதுதான். ஆனாலும் குழந்தை மாவட்டத் தலைநகரில், தாய் ஊரில் என்று பிரிந்துவிட்டால் இருவருக்கும் கேடு. அவள் உடம்பு தாங்கும் என்று மருத்துவர் சொன்னால், குழந்தை இருக்கும் இடத்துக்கே அவளையும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

“வாய் வைக்காத பிள்ளைக்கு எங்கே பால் ஊறும்? வற்றிடும்.”

எடுக்க எடுக்க ஊறும். பிறந்த சில மணி நேரத்திலேயே தொடங்கி, ராத்திரியும் விடாமல், நாளுக்கு 8 தடவையாவது பீய்ச்சி எடுக்க வேண்டும். என் அக்கா மகளுக்கு 1,300 கிராமில் குழந்தை பிறந்தது. மறுநாள் அவள் எடுத்த சீம்பால் எவர்சில்வர் கிண்ணத்தின் அடியைக்கூட மறைக்கவில்லை. கூச்சத்தோடு நீட்டினாள். செவிலியர் அதைச் சிரிஞ்சில் உறிஞ்சி, அவள் பெயர் எழுதிய பிளாஸ்திரியை ஒட்டி உள்ளே கொண்டுபோனார். சப்பத் தெரியாத அந்தப் பிள்ளைக்குக் குழாய் வழியே இறங்கிய முதல் ஆகாரம் அதுதான். பிறகு பாலாடைக்கு மாறி, ஒரு மாதம் கழித்து மார்பில் குடித்தது.

“ஏழாம் மாசப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காது.”

உண்மை இதற்கு நேர்மாறானது. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்குப் பலம். தயவுசெய்து இந்தப் பேச்சை அந்தத் தாயின் காதுபடச் சொல்லாதீர்கள்.

“தொட்டால் கிருமி ஒட்டிக்கும், தள்ளியே நில்லுங்க.”

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, பணியில் இருக்கும் செவிலியரைக் கேட்டுத் தொடலாம். தொட வேண்டும். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், குறைமாதக் குழந்தைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டிகள் போதாத ஓர் ஆஸ்பத்திரியில், எட்கர் ரே என்ற மருத்துவர் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துக் கட்டிவைத்தார். அதுதான் கங்காரு பராமரிப்பு. இந்தியா உட்பட 5 நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், பிறந்ததுமே இதைத் தொடங்கிய எடை குறைந்த குழந்தைகளிடையே முதல் 28 நாள் இறப்பு கால் பங்கு குறைந்திருந்தது. நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அத்தனை நேரம் ஒருத்தியால் முடியுமா? அப்பாவின் மார்பும் பாட்டியின் மார்பும் எதற்கு இருக்கின்றன!

“அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம், அப்புறம் என்ன கஷ்டம்?”

நோயுற்ற பச்சிளங்குழந்தைக்குச் சிகிச்சை, மருந்து, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் வண்டி, எல்லாம் 2011 முதல் மத்திய அரசுத் திட்டத்தில் இலவசம்தான். ஆனால் வராந்தாவில் பாய் விரித்துக் கிடக்கும் அப்பாவின் நாள் கூலியை யார் தருவது? பார்க்கப் போகிறவர்கள் கூட்டமாகப் போக வேண்டாம், உள்ளே விடவும் மாட்டார்கள். தாய்க்குத் தூக்குச்சட்டியில் சூடாகச் சோறு கொண்டுபோங்கள். ஒரு ராத்திரி அந்தப் பாயில் நீங்கள் படுத்துக்கொண்டு அவரை ஊருக்கு பஸ் ஏற்றிவிடுங்கள். மூத்த பிள்ளை அவர் முகத்தைப் பார்த்துப் பல நாளாகியிருக்கும்.