மேனுவல் கார் ஓட்டக் கற்போம்: இடது காலின் பாடம்



17 வயது ஆனதும் வீட்டில் எழும் கேள்வி, “டி எடுக்கிறதா, டிஏ எடுக்கிறதா?” என்பதுதான். டி லைசன்ஸ் இருந்தால் மேனுவல், ஆட்டோ இரண்டையும் ஓட்டலாம். டிஏ என்றால் ஆட்டோ மட்டும். சிங்கப்பூர் வாசகர்களுக்கு இதுவே 3, 3ஏ. நான் 11 வருஷமாக ஒரு ஓட்டுநர் பயிற்சிக் கழகத்தில் சொல்லிக் கொடுக்கிறேன். இந்தக் கேள்வியோடு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “வீட்டு வாசல்ல என்ன கார் நிக்குது?”

வாசலில் ஆட்டோ மைவி நின்றால் டிஏ எடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. “மேனுவல் ஓட்டுறவன்தான்டா டிரைவர்” என்று பையன்கள் பேசிக்கொள்வது எனக்குப் பிடிக்காது. ஆனால் அப்பாவின் பழைய சாகாவோ, கஞ்சிலோ, வியாபார வேனோ நின்றால் யோசிக்க வேண்டியதில்லை, டி எடுங்கள். வேன், லோரி வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான். அப்புறம் மாத்திக்கலாம் என்று விட்டால் மறுபடி வகுப்பு, மறுபடி டெஸ்ட், மறுபடி பணம்.

போன வருஷம் தோட்டத்துப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி வந்தாள். அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அப்பாவுக்கு ராத்திரி வேலை. வீட்டில் இருக்கும் ஒரே கார் மேனுவல் சாகா. “பொம்பளப் பிள்ளைக்கு கிளட்ச் எல்லாம் சரிப்படாது, டிஏ எடுத்துக்கோ” என்று சொந்தக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். டிஏ எடுத்துவிட்டு அவள் எந்தக் காரை ஓட்டுவது? கிளட்ச்சுக்கு ஆண் கால், பெண் கால் என்று தெரியாது. அவளுக்கும் முதல் இரண்டு வகுப்பில் இன்ஜின் நின்று நின்று போனது. “டீச்சர், கால் நடுங்குது” என்று மூன்றாவது வகுப்பில் அழுதே விட்டாள். அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கிளட்ச் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். “அமுக்கு, விடு” என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் பயந்து பயந்துதான் ஓட்டுவார்கள்.

இப்போதே செய்து பாருங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிரே வையுங்கள். வலது கை இன்ஜின், அது சுற்றிக்கொண்டே இருக்கட்டும். இடது கை சக்கரம், அது சும்மா நிற்கட்டும். கைகள் விலகி இருக்கும்வரை வலது கை எவ்வளவு சுற்றினாலும் இடது கைக்கு ஒன்றும் ஆகாது. கிளட்ச்சை முழுதாக மிதித்த நிலை அதுதான். இப்போது கைகளை மெல்ல நெருக்குங்கள். முதலில் உரசும், சூடாகும், பிறகு இடது கையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து திரும்பும். கெட்டியாக அழுத்திவிட்டால் இரண்டும் ஒன்றாகத்தான் சுற்றும். காருக்குள்ளும் இப்படித்தான். இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீல் ஒரு பக்கம், கியர்பாக்ஸோடு சேர்ந்த கிளட்ச் தட்டு ஒரு பக்கம். மிதித்தால் பிரியும், விட்டால் ஸ்பிரிங் இரண்டையும் சேர்த்து அழுத்தும்.

நிற்கிற காரில் இரண்டையும் சட்டென்று சேர்த்தால் என்ன ஆகும்? சுற்றுகிற இன்ஜினை நிற்கிற சக்கரம் பிடித்து நிறுத்திவிடும். “செத்துப் போச்சு டீச்சர்” என்பார்கள். செத்துப் போகவில்லை, இரண்டு தட்டும் அவசரமாகச் சேர்ந்துவிட்டன, அவ்வளவுதான்.

அந்த உரசல் தொடங்கும் இடத்தை நம் ஊரில் ஹாஃப் கிளட்ச் என்போம். மேனுவல் பாடத்தில் பாதி இந்த ஒரு இடத்தைக் கண்டுபிடிப்பதுதான். காருக்குக் கார் அது மாறும். ஒன்றில் கீழேயே பிடிக்கும், தட்டு தேய்ந்த பழைய காரில் மேலே வந்துதான் பிடிக்கும். ஆகவே எத்தனை இஞ்ச் என்று கேட்காதீர்கள். கால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சீட்டைச் சரி செய்யுங்கள். கிளட்ச்சை அடி வரை மிதித்த பிறகும் முட்டி கொஞ்சம் மடங்கி இருக்க வேண்டும். கால் முழுக்க நீண்டுவிட்டால் மெல்ல விடவே முடியாது. காலணி மெல்லிய அடி உள்ளதாக இருக்கட்டும். சிலிப்பர் வேண்டாம், பெடலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். பெடலை விடும்போது குதிகால் தரையில் ஊன்றி இருந்தால் நல்லது, காலை அந்தரத்தில் வைத்து விட்டால்தான் நடுக்கம் வரும். அந்தத் தங்கச்சிக்கு இருந்த பிரச்னையில் பாதி இதுவே. சீட் ரொம்பப் பின்னால் இருந்தது.

அடுத்தது எண்ணெய் மிதிக்காத பயிற்சி. சமதரையில், பயிற்சிக் களத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது இதைச் செய்யுங்கள். முதல் கியர் போட்டு, கை பிரேக்கை எடுத்துவிட்டு, வலது காலை பிரேக் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு, இடது காலை மட்டும் மெல்ல மெல்ல மேலே விடுங்கள். ஒரு இடத்தில் இன்ஜின் சத்தம் தணியும். கார் லேசாக அதிரும். அங்கேயே நிறுத்துங்கள்! கார் தானாக நகரும். நகர்ந்ததும் உடனே காலை எடுத்துவிடக் கூடாது. மாணவர்களில் பெரும்பாலோருக்கு இன்ஜின் நிற்பது இங்கேதான். ஹாஃப் கிளட்ச் வரை பொறுமையாக வருவார்கள், கார் நகர்ந்த சந்தோஷத்தில் மீதியைப் பட்டென்று விட்டுவிடுவார்கள். ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணுங்கள். அதற்குள் சக்கரம் வேகம் பிடித்துவிடும். பிறகு மீதியை விடுங்கள். இதை ஒரு 20 தடவை, எண்ணெய் பெடலைத் தொடாமலே செய்யுங்கள். எடுத்தவுடன் எண்ணெய் மிதிக்கப் பழகியவன் சத்தத்தை நம்பி ஓட்டுவான், அவன் காலுக்கு ஒன்றும் தெரியாது.

இன்ஜின் நின்றால் பதற வேண்டாம். பிரேக், கிளட்ச் இரண்டையும் மிதியுங்கள், ஃப்ரீ கியருக்குக் கொண்டு வாருங்கள், மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவன் அடித்துக்கொண்டே இருக்கட்டும்.

இனி புக்கிட். டெஸ்ட்டில் எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான். மேட்டில் கோட்டுக்குள் நிறுத்தி, கை பிரேக் போட்டு, பிறகு பின்னால் உருளாமல் மேலே ஏற வேண்டும். பயம் எதற்கு? மேட்டில் காரைப் பிடித்திருப்பது கை பிரேக், உங்கள் கால் இல்லை. அது போட்டிருக்கும்வரை கார் எங்கும் போகாது. ஆகவே அவசரமே இல்லை. முதல் கியர், கொஞ்சம் எண்ணெய், சத்தம் ஒரே சீராக இருக்கட்டும். கிளட்ச்சை விட்டு வாருங்கள். சத்தம் தணிந்து, காரின் மூக்கு லேசாகத் தூக்கும். கார் “நான் தயார்” என்று சொல்லும் நேரம் அது. இரண்டு காலையும் அப்படியே வைத்துக்கொண்டு கை பிரேக்கை இறக்குங்கள். கார் பின்னால் போகாது. மூக்கு தூக்குவதற்கு முன்னால் கையை அவசரப்படுத்துகிறவர்கள்தான் உருளுகிறார்கள். தங்கச்சி புக்கிட்டை முதல் தடவையிலேயே தாண்டினாள். இப்போது அம்மாவை அவள்தான் ஏற்றிப் போகிறாள், காலை ஐந்தரைக்கு, கண்ணாடியில் பி ஸ்டிக்கரோடு.

புக்கிட்டில் தேர்ந்தவர்கள் வெளியே வந்து ஒரு கெட்ட பழக்கம் பிடிப்பார்கள். மேட்டுச் சிக்னலில் கை பிரேக் போடாமல் ஹாஃப் கிளட்ச்சிலேயே காரை நிறுத்தி வைப்பது. பார்க்க ஸ்டைலாக இருக்கும். உள்ளே தட்டு எரிந்துகொண்டிருக்கும், தீய்ந்த வாடை வந்தால் அதுதான். தைப்பூசத்துக்கு பத்துமலைப் பக்கம் ஜேம்மில் மாட்டினாலும் இதையே நினைவில் வையுங்கள். முன்னால் கொஞ்சம் இடம் விடுங்கள், ஃப்ரீ கியரில் பிரேக் பிடித்து நில்லுங்கள், இடம் சேர்ந்ததும் ஒரேயடியாக நகருங்கள்.

கியர் மாற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் கியர் காரைக் கிளப்ப மட்டும். சின்னக் காரில் 15, 20 கிலோமீட்டரில் இரண்டு, 30-ஐத் தாண்டினால் மூன்று, 50 வாக்கில் நான்கு என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் இன்ஜின் சத்தம்தான் உண்மையான கணக்கு. கண் ரோட்டில் இருக்கட்டும், கியர் கம்பை நூறு தடவை பார்த்தாலும் அது அதே இடத்தில்தான் இருக்கும்.

மலை இறங்குவதைப் பற்றித்தான் நிறைய சொல்ல வேண்டும். 2013 ஆகஸ்ட் 21-ஆம் தேதி கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பஸ் பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்ததைப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. மலைச் சாலைகளில் தாழ்ந்த கியரைப் பயன்படுத்தச் சொல்லிப் பலகை வைத்திருப்பது அழகுக்கு அல்ல. நீண்ட இறக்கத்தில் பிரேக்கையே பிடித்து வந்தால் அது சூடாகும். ரொம்பச் சூடானால் பிரேக் எண்ணெய் கொதித்து, பெடலை மிதித்தாலும் பிடிக்காது. ஆகவே இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டோ மூன்றோ போட்டுவிடுங்கள். இன்ஜினே காரைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும்.

“ஃப்ரீ கியரில் விட்டா எண்ணெய் மிச்சம்” என்று சில அண்ணன்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். இன்றைய இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் நடப்பது நேர்மாறு. கியரில் இருந்துகொண்டு எண்ணெய் பெடலிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் சக்கரமே இன்ஜினைச் சுற்றும், கம்ப்யூட்டர் எண்ணெயை நிறுத்திவிடும். ஃப்ரீ கியரில்தான் இன்ஜின் தன்னை ஓட்டிக்கொள்ள எண்ணெய் குடிக்கும். மிச்சமும் இல்லை, பிடிப்பும் இல்லை.

எல் லைசன்ஸ் கையில் வந்ததும் அப்பா காரை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போக வேண்டாம். அந்தக் காலத்தில் பயிற்சிக் கழகக் கார், பக்கத்தில் ஆசிரியர், அப்படித்தான் ஓட்ட வேண்டும். அதற்கு முன் கேபிபி கணினித் தேர்வில் 50 கேள்விக்கு 42 சரியாக இருக்க வேண்டும், படித்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக, முதல் சம்பளத்தில் செகண்ட் ஹேண்ட் கஞ்சில் வாங்கப் போகிறவர்களுக்கு. சமதரையில், முன்னால் ஒன்றும் இல்லாத இடமாகப் பார்த்து, கை பிரேக்கைக் கெட்டியாகப் போட்டு, கால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, மூன்றாவது கியரில் கிளட்ச்சை மெல்ல விட்டுப் பாருங்கள். நல்ல கிளட்ச்சாக இருந்தால் இன்ஜின் நின்றுவிடும். முழுக்க விட்ட பிறகும் ஓடிக்கொண்டே இருந்தால் தட்டு தேய்ந்துவிட்டது. விலையில் குறைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு கார் பாருங்கள்.